எடைக்குறைப்பு அறுவை: பத்து வருடம் கழித்துச் சர்க்கரைக்கும் இதயத்துக்கும் என்ன ஆகிறது?

மார்த்தாண்டம், களியக்காவிளை வட்டாரத்தில் இந்த அறுவையைப் பற்றி இரண்டு பேச்சு சுற்றுகிறது. "திருவனந்தபுரத்துல வயித்துல ஆபரேஷன் பண்ணினாரு, ஒரே வாரத்துல இன்சுலின் நின்னுபோச்சு" என்பது ஒன்று. "அஞ்சு வருஷத்துல சுகர் பழையபடி வந்தாச்சு, அத்தனை பணமும் வீண்" என்பது மற்றொன்று. இரண்டுமே நடக்கிற சங்கதிகள்தாம். ஆனால் முதல் பேச்சைக் கேட்டு ஓடுகிறவரும் இரண்டாவதைக் கேட்டு ஒதுங்குகிறவரும் "சுகர் போச்சா, இருக்கா" என்ற ஒற்றைக் கேள்வியிலேயே நிற்கிறார்கள். பலன் இருக்கும் இடம் அது மட்டும் இல்லை.

இந்தப் பகுதிக்கு விஷயம் அவசரமானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பு 2023இல் வெளியானபோது, நாடு முழுக்க வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, கேரளத்தில் 25.5 சதவீதம். எல்லைக்கு இந்தப் பக்கம் குமரி மாவட்டத்தில் தட்டில் விழும் சம்பா அரிசிச் சோறும் மரச்சீனிக் கிழங்கும் பழம்பொரியும் அந்தப் பக்கத்துத் தட்டிலிருந்து பெரிதாக வேறுபடுவதில்லை.

வயிற்றில் என்ன செய்கிறார்கள்

மூன்று முறைகளின் பெயர்தான் நம்மூரில் அடிக்கடி காதில் விழும்.

1. ஸ்லீவ். இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தை முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம்போல நீண்ட ஒரு குழாய். கொள்ளளவு 100 முதல் 150 மில்லி. குடலைத் தொடுவதில்லை. வெட்டியதை மறுபடி ஒட்டவும் முடியாது.

2. பைபாஸ். இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைப்பார்கள். சாப்பாடு மீதி இரைப்பையையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் தொடாமலே கீழே இறங்கும். பித்தநீரும் கணையநீரும் வேறு வழியாக வந்து கீழே சேரும்.

3. மினி பைபாஸ். பை கொஞ்சம் நீளம், இணைப்பு ஒன்றே. பொதுவாக 150 முதல் 200 சென்டிமீட்டர் குடல் விலக்கப்படுகிறது. நீளம் கூடினால் சர்க்கரை இன்னும் இறங்கலாம். சத்துக்குறைவு ஆபத்தும் கூடவே ஏறும்.

பெயரில் 'பைபாஸ்' இருப்பதால் இதய பைபாஸோடு குழப்பிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எடை இறங்கும் முன்பே சுகர் இறங்குவது ஏன்

அறுவை முடிந்த நாலாம் நாள் எடை இரண்டு மூன்று கிலோதான் குறைந்திருக்கும். சர்க்கரையோ பலருக்கு நன்றாகவே இறங்கியிருக்கும். காரணங்கள் பல, எல்லாம் ஒரே அளவுக்கு முக்கியமல்ல.

1. பட்டினி. முதல் வாரங்களில் உள்ளே போவது திரவ உணவு மட்டும். ராய் டெய்லர் குழு இங்கிலாந்தின் நியூகாசிலில் நீரிழிவுக்காரர்கள் 11 பேருக்கு, கத்தியே வைக்காமல், நாளுக்கு 600 கலோரி மட்டும் கொடுத்துப் பார்த்தது (2011). ஒரே வாரத்தில் வெறும்வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. கல்லீரல் கொழுப்பும் சரிந்தது. ஆக, "ஒரே வாரத்தில் இன்சுலின் நின்றது" என்ற அதிசயத்தில் பெரும்பங்கு பட்டினிக்குத்தான் சேரும்.

2. குடல் ஹார்மோன். பைபாஸில் செரிக்காத உணவு சிறுகுடலின் கடைப்பகுதிக்குச் சீக்கிரமே போய்ச்சேர்கிறது. அங்குள்ள செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் பல மடங்கு சுரக்கின்றன. அது கணையத்தைத் தட்டி இன்சுலினை வரவழைக்கும், பசியையும் அடக்கும். இப்போது பேசப்படும் எடைக்குறைப்பு ஊசிகள் போலி செய்வது இதே ஹார்மோனைத்தான்.

3. பசி ஹார்மோன். ஸ்லீவில் வெட்டியெடுக்கும் பகுதியில்தான் கிரெலின் பெரும்பாலும் சுரக்கிறது. அது போனதும் பசி மட்டுப்படும்.

4. மாதங்கள் கழித்து வருவது எடைக்குறைவின் பலன். தசையும் கல்லீரலும் இன்சுலினுக்கு மறுபடி இணங்கும்.

இவை நாலும் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் மிச்சம் இருந்தால்தான் வேலை செய்யும். இதை நினைவில் வைத்தால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் தெளியும்.

'குணம்' என்று சொல்லக் கூடாது

மருத்துவர்கள் எழுதும் சொல் 'தணிவு'. 2021இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒப்புக்கொண்ட வரையறை இது: சர்க்கரை மருந்து எல்லாவற்றையும் நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

தணிவு எத்தனை நாள் நிலைக்கும்?

ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வுதான் இந்தத் துறையில் மிக நீளமானது. அறுவை செய்துகொண்டவர்கள் 2,010 பேர், ஒப்பிட 2,037 பேர். நீரிழிவு இருந்தவர்களில் இரண்டாம் ஆண்டில் 72 சதவீதம் பேர் தணிவில் இருந்தார்கள். பதினைந்தாம் ஆண்டில் 30 சதவீதம். அறுவை செய்யாத தரப்பில் அது 6.5 சதவீதம்தான். ரோமில் 60 பேரைச் சீட்டுப்போட்டுப் பிரித்துச் செய்த ஆய்வில் பைபாஸ் செய்தவர்களில் 75 சதவீதம் இரண்டாம் ஆண்டில் தணிவில் இருந்தார்கள். பத்தாம் ஆண்டில் 25 சதவீதம். அமெரிக்காவின் நான்கு ஆய்வுகளை ஒன்றாக்கி 262 பேரைப் பின்தொடர்ந்து 2024இல் வெளியான முடிவிலும் இதே சரிவு: அறுவைத் தரப்பில் 7 ஆண்டில் 18 சதவீதம், 12 ஆண்டில் 13 சதவீதம், மருந்துத் தரப்பில் 12ஆம் ஆண்டில் ஒருவர்கூட இல்லை.

பைபாஸா ஸ்லீவா என்ற சந்தேகத்துக்குப் பின்லாந்தின் 240 பேர் ஆய்வு பத்தாண்டுப் பதில் தருகிறது: சர்க்கரைத் தணிவு பைபாஸில் 33 சதவீதம், ஸ்லீவில் 26 சதவீதம். பெரிய இடைவெளி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உணவுக்குழாய்ப் புண் ஸ்லீவில் 31 சதவீதம், பைபாஸில் 7 சதவீதம். ஏற்கெனவே நெஞ்செரிச்சலுக்குத் தினம் மாத்திரை போடுகிறவர் ஸ்லீவ் என்று முடிவெடுக்கும் முன் என்டோஸ்கோப்பி (கேமராக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) பார்த்தாக வேண்டும்.

யாருக்கு நிலைக்கும், யாருக்குத் திரும்பும்

"எனக்கு எடை ரொம்ப அதிகம், அதனால் பலனும் அதிகம்" என்று எண்ணுகிறவர்கள் நிறையப் பேர். சர்க்கரையைப் பொறுத்தவரை முன்கூட்டிச் சொல்பவை வேறு.

1. நீரிழிவு வந்து எத்தனை வருடம்? ஐந்துக்குள் என்றால் நல்ல வாய்ப்பு. பத்தைத் தாண்டினால் வாய்ப்பு வேகமாக இறங்கும்.

2. இன்சுலின் ஊசி போடுகிறாரா? போட்டால் தணிவு கடினம். டோஸ் பெரும்பாலும் குறையும், ஆனால் எல்லா மருந்தையும் விட முடிவது சிலருக்கே.

3. சி-பெப்டைட் எவ்வளவு? கணையம் இன்சுலின் சுரக்கும்போது கூடவே வெளிவரும் துண்டு இது. இரத்தப் பரிசோதனையில் மிகக் குறைவாக இருந்தால் கணையம் வற்றிவிட்டது என்று பொருள். மெலிந்த உடலும் நீண்டகால நீரிழிவும் உள்ளவருக்கு இதைப் பார்க்காமல் தேதி குறிப்பது தவறு.

4. வயதும் அறுவைக்கு முந்தைய ஹெச்பிஏ1சியும்.

ஆகவே 'எல்லா மருந்தும் தோற்ற பிறகு கடைசியாக ஆபரேஷன்' என்ற நம்மூர் வரிசை தலைகீழானது. இருபது வருடம் சர்க்கரையோடு இருந்து, அறுபது வயதில், இன்சுலினும் போதாமல் வருகிறவருக்குச் சர்க்கரை விஷயத்தில் இந்த அறுவை மிகக் குறைவாகவே கொடுக்கும்.

திரும்பி வந்தால் வீணா?

இல்லை. கட்டுரையின் கனமான இடம் இதுதான்.

உயர் சர்க்கரை கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவற்றின் நுண்குழாய்களை வருடக்கணக்கில் அரிக்கிறது. எட்டு வருடம் சர்க்கரை அடங்கி இருந்து பிறகு எழுந்தால், அந்த எட்டு வருட அரிப்பு நடக்கவில்லை. அமெரிக்காவில் 4,683 பேரை வைத்து 2016இல் வந்த ஆய்வு இதை அளந்தது: தணிந்து பிறகு திரும்பியவர்களிலும், தணிவில் கழித்த ஒவ்வொரு வருடத்துக்கும் நுண்குழாய் நோய் ஆபத்து 19 சதவீதம் குறைந்தது. ஸ்வீடன் கணக்கும் இதை ஒட்டியே போகிறது. ஆயிரம் நீரிழிவுக்காரர்களை ஒரு வருடம் கவனித்தால், அறுவை செய்யாதவர்களில் சுமார் 42 பேருக்கும் செய்தவர்களில் சுமார் 21 பேருக்கும் இந்த நுண்குழாய்ச் சிக்கல் வந்தது.

ஒரு எச்சரிக்கை உண்டு. சர்க்கரை திடீரென்று சரியும்போது ஏற்கெனவே சேதமான விழித்திரை சிலருக்கு மோசமாகும். அறுவைக்கு முன்பே கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். முதல் வருடத்தில் மறுபடியும்.

இதயத்துக்கு என்ன நடக்கிறது

இதயம் பலன் பெறும் வழிகள் சர்க்கரையோடு நின்றுவிடுவதில்லை.

இரத்த அழுத்தம்: பிரேசிலில் நூறு பேரைச் சீட்டுப்போட்டுப் பிரித்த ஆய்வு ஒன்று உண்டு. ஐந்தாம் ஆண்டில், அழுத்தம் கட்டுக்குள் இருந்தபடியே பிரஷர் மருந்தை 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைக்க முடிந்தவர்கள் பைபாஸ் தரப்பில் 80.7 சதவீதம், மருந்துத் தரப்பில் 13.7 சதவீதம்.

கொழுப்பு: டிரைகிளிசரைடு இறங்கும், நல்ல கொழுப்பு ஏறும். எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு பைபாஸில் நன்றாகக் குறையும். ஸ்லீவில் அவ்வளவாகக் குறையாது. "எடை குறைந்துவிட்டதே" என்று ஸ்லீவ் செய்தவர், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்துவது அடிக்கடி நடக்கும் பிழை. ஸ்டென்ட் வைத்தவர் எந்த அறுவை செய்திருந்தாலும் ஸ்டாட்டினைத் தாமாக நிறுத்தக் கூடாது.

தூக்கத்தில் மூச்சு அடைபடுவது குறைகிறது. இதயத்தைச் சுற்றிய கொழுப்பும், இதயம் தள்ள வேண்டிய இரத்தத்தின் சுமையும் குறைகின்றன. ஸ்வீடன் ஆய்வில் ஒழுங்கற்ற துடிப்பு 29 சதவீதம் குறைவாக வந்தது.

இவற்றின் கூட்டுப் பலன்? அதே ஆய்வு 2012இல் சொன்னது: மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றால் ஏற்பட்ட சாவு அறுவைத் தரப்பில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அதில் ஒரு குறிப்பு ஊன்றிப் படிக்க வேண்டியது. தொடக்கத்தில் எடை எவ்வளவு இருந்தது என்பதற்கும் இந்தப் பலனுக்கும் தொடர்பு இல்லை. இரத்தத்தில் இன்சுலின் அதிகம் இருந்தவர்களுக்கே பலன் அதிகம். அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் மருத்துவமனை 2019இல் வெளியிட்ட கணக்கில், நீரிழிவும் உடல்பருமனும் உள்ள 2,287 பேர் அறுவை செய்தவர்கள், 11,435 பேர் செய்யாதவர்கள். எட்டாண்டில் சாவு, மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் போன்றவற்றில் ஏதாவது ஒன்றைச் சந்தித்தவர்கள் முறையே 30.8, 47.7 சதவீதம்.

இந்த இரண்டு ஆய்விலும் ஆட்களைச் சீட்டுப்போட்டுப் பிரிக்கவில்லை. அறுவைக்கு வருகிறவர் கொஞ்சம் அக்கறையுள்ளவராக, பணமும் குடும்பத் துணையும் உள்ளவராக இருக்கலாம். அந்தச் சாய்வைக் கணக்கால் முழுக்கக் கழிக்க முடியாது. சீட்டுப்போட்டுப் பிரித்த ஆய்வுகள் சர்க்கரை, அழுத்தம் ஆகியவற்றுக்கு உறுதியான சான்று தருகின்றன. மாரடைப்பை எண்ணும் அளவுக்கு அவை பெரியவை அல்ல. எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்று இருக்கிறது: உணவும் உடற்பயிற்சியும் மட்டும் கொண்டு 5,145 நீரிழிவுக்காரர்களைப் பத்தாண்டு அளவில் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வில் (2013) மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அங்கே எடைக்குறைவு சிறியது. இதயத்துக்கு உறைக்கும் அளவுக்கு எடை இறங்கி, வருடக்கணக்கில் அங்கேயே நிற்க வேண்டும் என்று இதிலிருந்து ஊகிப்பது நியாயம்தான்.

ஸ்வீடன் ஆய்வின் ஆயுள் கணக்கு 2020இல் வந்தது: அறுவை செய்தவர்கள் செய்யாதவர்களைவிட மூன்று வருடம் கூடுதலாக வாழ்ந்தார்கள், பொதுமக்களைவிட ஐந்தரை வருடம் குறைவாக.

வாழ்நாள் முழுக்கக் கட்ட வேண்டிய தவணை

இனி வருவதுதான் ஊருக்குத் திரும்பிய பிறகு தப்பிப்போகிற பகுதி. அறுவைச் சாவு முதல் மாதத்தில் ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று. தையல் கசிவு நூற்றுக்கு ஒன்று அளவில். பயப்படுகிறவர்கள் அதற்கே பயப்படுகிறார்கள். சிரமம் பெரும்பாலும் மூன்றாம் வருடத்துக்கு மேல், சத்தமில்லாமல் வருகிறது.

1. மருந்து மாற்றம், முதல் நாளிலிருந்தே. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளைத் தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையை அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையேல் சர்க்கரை இயல்பாகக் காட்டும்போதே இரத்தம் அமிலமாகலாம். மெட்பார்மின் தேவைப்பட்டால் மெதுவாகக் கரையும் 'எஸ்ஆர்' வகை பைபாஸ்காரருக்கு ஏற்றதல்ல. நீர்போக்கும் பிரஷர் மாத்திரை உடலை வறட்டித் தலைசுற்றலில் தள்ளும்.

2. புரதம், நாளுக்குக் குறைந்தது 60 கிராம். நம்மூர்த் தட்டில் கணக்குப் போட்டால்: இரண்டு முட்டை 12, முள் நீக்கிய சாளை மீன் 100 கிராமில் 20, வேகவைத்த சிறுபயறு ஒரு கிண்ணம் 14, பால் ஒரு டம்ளர் 6, தயிர் ஒரு கிண்ணம் 5. கூட்டினால் 57. இதையும் நாலைந்து வேளையாகப் பிரித்தால்தான் உள்ளே போகும். மரச்சீனி 100 கிராமில் புரதம் ஒரு கிராமை ஒட்டித்தான் இருக்கும். கொஞ்சமே கொள்ளும் வயிற்றில் கிழங்குக்கு இடம் கொடுத்தால் மீனுக்கு இடம் இல்லை. ஆறு மாதத்தில் முடி கொட்டுவதற்கும் தொடைத்தசை கரைவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

3. கால்சியம், நாளுக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம், ஒரு வேளைக்கு 500க்கு மேல் வேண்டாம். சிட்ரேட் வகையே வாங்க வேண்டும். கார்பனேட் கரைய இரைப்பை அமிலம் தேவை, அது இப்போது குறைவு. மெடிக்கலில் "இதுவும் கால்சியம்தான்" என்று கார்பனேட்டை நீட்டுவார்கள். அட்டையின் முன்பக்கத்தில் 'சிட்ரேட் 1,000' என்று பெரிதாக இருந்தாலும் அதில் உள்ள தனிக் கால்சியம் 210 மில்லிகிராம் அளவுதான்; பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும்.

4. இரும்பு. ஆண்களுக்கு 18 மில்லிகிராம், மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு 45 முதல் 60. கால்சியத்துக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கட்டன் சாயாவோடு (பால் இல்லாத தேநீர்) விழுங்கினால் பாதி வீண்.

5. பி12. மாதம் 1,000 மைக்ரோகிராம் ஊசி, அல்லது தினமும் 350 முதல் 1,000 மைக்ரோகிராம் மாத்திரை. விட்டால் கால் மரக்கும். நீரிழிவுக்காரர் அதைச் 'சுகர் நரம்பு' என்று எண்ணி விட்டுவிடுவார். உண்மைக் காரணம் தெரியவரும்போது நரம்பு மீளாத நிலைக்குப் போயிருக்கும்.

6. விடாத வாந்தி. வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் தயமின் எனும் பி1 வைட்டமின் குறைந்துபோகலாம். அந்த நிலையில் பக்கத்து ஆசுபத்திரியில் வெறும் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். முதலில் தயமின், பிறகு குளுக்கோஸ்.

7. சர்க்கரைத் தாழ்வு. கல்யாணப் பந்தியில் போளியும் பால் பாயசமும் விழுந்த அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றோட்டம் வந்தால் அது உணவு குடலில் கொட்டியதன் விளைவு. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துக் கண் இருட்டி நடுக்கம் வந்தால் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து சர்க்கரை சரிந்தது. பைபாஸ்காரருக்கு இது அதிகம். இனிப்பை நிறுத்தியும் தொடர்ந்தால் அகார்போஸ் போன்ற மருந்து உண்டு.

8. குடி. பைபாஸுக்குப் பிறகு ஒரு பெக் இரண்டு பெக்காக ஏறும். குடிப்பழக்கச் சிக்கல் இரண்டாம் வருடத்திலிருந்து கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. முன்பே கை நடுங்கக் குடிக்கிறவருக்கு அறுவையைத் தள்ளிப்போடுவதே சரி.

பித்தக்கல்லுக்கு முதல் ஆறு மாதம் உர்சோடியால் மாத்திரை கொடுப்பது வழக்கம். பெண்கள் 12 முதல் 18 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்.

பரிசோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. இரும்புக் குறைவால் சோகை வந்தால் ஹெச்பிஏ1சி உண்மையைவிட உயர்ந்து காட்டலாம். சுகர் திரும்பிவிட்டது என்று மாத்திரை எழுதும் முன் ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்ப்பது நல்லது.

எடைக் கணக்கும் காப்பீட்டுக் கணக்கும்

எடையை (கிலோ) உயரத்தின் (மீட்டர்) வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ. ஒரே பிஎம்ஐயில் வெள்ளையரைவிட நமக்கு வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்பதால், 2022இன் பன்னாட்டு வழிகாட்டல் ஆசியருக்கு 27.5இலிருந்தே அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்கிறது. 165 சென்டிமீட்டர் உயரத்துக்கு அது 75 கிலோ. ஆனால் இந்தியக் காப்பீட்டு நிபந்தனை கேட்பது பிஎம்ஐ 40, அல்லது கட்டுக்கடங்காத நீரிழிவு, இதய நோய் போன்றவற்றோடு 35. அதே உயரத்துக்கு 35 என்றால் சுமார் 95 கிலோ. இடையில் இருக்கும் 20 கிலோ அகலப் பள்ளத்தில்தான் நம்மூர் நீரிழிவுக்காரர்கள் பலர் நிற்கிறார்கள். வேண்டிய நேரத்தில் கைப்பணம், தாமதமானால் காப்பீடு என்ற இந்தக் கோணல் திருத்தப்பட வேண்டியது.

ஊசி வந்துவிட்டதே?

சர்க்கரையையும் எடையையும் குறைக்கும் டிர்செபடைடு ஊசி 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. எடைக்கான செமாகுளூடைடு ஊசி சில மாதத்தில் பின்தொடர்ந்தது. செமாகுளூடைடு இதயத்துக்கு உதவுகிறது என்பதற்குச் சீட்டுப்போட்டுப் பிரித்த பெரிய சான்றே இருக்கிறது: 2023இல் 17,604 பேர், நீரிழிவு இல்லாத இதய நோயாளிகள், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு 20 சதவீதம் குறைவு. அறுவைக்கு இல்லாத பலம் இது. ஆனால் ஊசியை நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது. பிஎம்ஐ 30ஐ ஒட்டி இருப்பவர் முதலில் ஊசியை முயல்வது பொருத்தம். 40ஐத் தாண்டியவருக்கு ஊசி மட்டும் போதுமென்று சொல்வது கடினம்.

பையில் இருக்க வேண்டிய தாள்

அறுவை எல்லைக்கு அப்பால், காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் போவது ஊர் மருத்துவரிடம். அவருக்கு உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று தெரியாது. வயிற்றில் இருப்பது நாலு சின்னத் தழும்பு மட்டும். எனவே டிஸ்சார்ஜ் சம்மரியில் இவை இருக்கின்றனவா என்று கிளம்பும் முன்பே பார்த்து வாங்க வேண்டும்: அறுவையின் பெயர், தேதி, விலக்கிய குடலின் நீளம் சென்டிமீட்டரில், நிறுத்திய மருந்துகள், தொடரும் மருந்துகள். அதன் கீழே இரண்டு வரி கையால் எழுதிக்கொள்ளலாம். டைக்ளோபினாக், ஐபுபுரோபென் வேண்டாம், பைபாஸ் இணைப்பில் புண் வந்து ஓட்டையாகலாம், வலிக்குப் பாராசிட்டமால். குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவைத்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை வேண்டாம், கர்ப்பிணியாக இருந்தாலும் விரல்நுனிச் சோதனையே போதும்.